அறுபத்து நான்கு, பியர்ட்ரீ லேன்

7 ஜனவரி 2006, சனி

எனக்கு வேலை தரும் நிறுவனம் நத்தார் (கிறிஸ்மஸ்) பரிசாக இந்த நாட்குறிப்பை அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் ஒரே வரி: ‘உரைபெயர்ப்பாளர் எதையும் சேர்ப்பதில்லை, எதையும் விடுவதில்லை.’ வருடம் முழுவதும் அதை வாசிக்க வேண்டும் போலிருக்கிறது.

முதல் பக்கத்தில் விவரங்கள் கேட்டிருந்தார்கள். நிரப்பினேன். பெயர்: தவமலர். வயது: 49. தொழில்: வைத்தியசாலைகளில் தமிழ் உரைபெயர்ப்பு. கல்வி: பேராதனை, தாவரவியல் (இதை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, கோடு இருந்தது, எழுதினேன்). அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: குலசிங்கம், அக்காவின் கணவர்.

இன்று அத்தானோடு வழக்கம்போல ரெயில்வே பப்புக்குப் போனேன். செல்வம் அக்கா செத்து முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள், ஊரிலிருந்து வந்தவர்களை ரெயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது நல்ல மழை. எதிரில் இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். கழிப்பறைக் கதவுக்கும் சிகரெட் பெட்டிக்கும் நடுவே கேள்வி மெசின் நின்றது. அத்தான் ஐம்பது பென்ஸ் போட்டார். அன்று தொடக்கம் மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் இரண்டரைக்குப் போகிறோம். அவருக்கு அரைப் பைன்ட் பியர். எனக்கு எலுமிச்சைச் சோடா.

மெசின் எளிமையானது. திரையில் கேள்வியும் நான்கு விடைகளும் வரும். ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு சுருங்கிக்கொண்டே போகும். அது முடிவதற்குள் விடையை விரலால் தொடவேண்டும். சரியான விடை ஒவ்வொன்றும் பரிசு ஏணியில் ஒரு படி, பிழைவிட்டால் ஆட்டம் முடிந்தது, முழு ஏணியும் ஏறினால் இருபது பவுண். நாங்கள் ஒருமுறைதான் ஏறியிருக்கிறோம். சட்டம் நான் போட்டது: தெரிந்தவர் தொடலாம், மனதுக்குப் படுகிறது என்று யாரும் தொடக்கூடாது. உதைபந்தாட்டம், பாட்டுகள், ஆங்கில ஊர்ப்பெயர்கள் அத்தானுக்கு. செடி, உடம்பு, தலைநகரங்கள் எனக்கு.

இன்று நான்கு பவுண். மீனும் சிப்ஸும். கம்பளிக் கார்டிகனில் சிகரெட் வாடை, ஊறவைத்திருக்கிறேன்.

14 ஜனவரி, சனி

உலகின் முதல் ஒட்டும் தபால்தலை வெளியான ஆண்டு?

இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும். அத்தான் இந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் தபால்காரராக இருந்தவர். கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் 1840ஐத் தொட்டுவிட்டு, ஏதோ தானே அதை அச்சடித்தது போலக் கவுண்டரில் நிற்கும் பெவ்வைத் திரும்பிப் பார்ப்பார். பப் பெவ்வுடையது. ‘கூலா, நீ இல்லாவிட்டால் நாடு என்னாகும்?’ என்பாள். அவளுக்குக் குலசிங்கம் வராது.

இன்று விரலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். கோடு பாதிக்கு வந்தது. நான் தொட்டேன்.

“நான் தொடத்தான் போனனான்.”

“தெரியும் அத்தான்.”

கண்ணாடி போட மறந்திருப்பார். வெளியே வரும்போது பார்த்தேன், கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அந்தத் திரையில் வெளிச்சம் சரியில்லை.

19 ஜனவரி, வியாழன்

நினைவாற்றல் பிரிவில் வேலை. பெயர் எழுதக் கூடாது. சுன்னாகம் சந்தையில் முப்பது வருடம் வாழைக்குலை விற்ற மனிதர். வைத்தியர் முதலில் ஒரு விலாசத்தைச் சொல்லி, மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்வார். பிறகு மணிக்கூட்டின் படத்தை வரை, ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல் என்று பல வேலை கொடுத்துவிட்டு, கடைசியில் அந்த விலாசம் என்ன என்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது வாழைக்குலைக்காரர் “எதுக்கு?” என்று கேட்டார். அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வைத்தியர் சிரித்தார். புள்ளி கொடுக்கவில்லை.

பீட்டர் மார்ஷ், 64 பியர்ட்ரீ லேன், கோல்பிரிட்ஜ். நான் அந்த அறையில் இருந்தது இது நாலாவது தடவை. நாலு தடவையும் பீட்டர் மார்ஷ்தான்.

மனிதனின் மூளையை அரை மணித்தியாலத்தில் நூறு புள்ளிக்கு அளந்துவிடலாம் என்று இவர்கள் நம்புவது எனக்குப் பிடிபடவில்லை. இலையைக் கூட அப்படி அளக்க மாட்டோம்.

21 ஜனவரி, சனி

மெசின்காரன் வந்து டிஸ்க்கை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். எல்லாம் புதுக் கேள்விகள். நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த நானூறோ ஐந்நூறோ விடைகள் ஒரே நாளில் ஒன்றுக்கும் உதவாமல் போயின.

“மூண்டு வருசப் படிப்பு, தவம். முழுக்க வீண்.”

“இதைப் படிப்பு எண்டு சொல்லாதேங்கோ. பெட்டிக்குள்ளை என்ன கிடக்குதெண்டு பாத்து வச்சிருந்தம், அவ்வளவுதான்.”

“நீர் பல்கலைக்கழகத்திலை வேறை என்ன செய்தனீர்?”

இன்னொரு ஐம்பது பென்ஸ் போட்டேன். மூன்று பவுண் நட்டம்.

4 பெப்ரவரி, சனி

காலையில் ஆரணி தொலைபேசியில் வந்தாள். அத்தானின் ஒரே மகள். அபர்டீனில் பல் வைத்தியர். செவ்வாய்க்கிழமை அத்தான் தன் வீட்டுக்கு வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு போய், தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒன்று வீதம் போட்டிருக்கிறார். எரிவாயு பில், ஓய்வூதியக் கடிதம், என்னுடைய பொங்கல் வாழ்த்து அட்டை. நாலாம் வீட்டுக்காரி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஆரணிக்குச் சொல்லியிருக்கிறாள்.

“சித்தி, நீங்கள் ஒவ்வொரு கிழமையும் பாக்கிறீங்கள். ஒண்டுமே தெரியேல்லையா?”

“வயது போகுது. எனக்கும் சாவி வச்ச இடம் மறக்குது.”

குடும்ப வைத்தியர் நினைவாற்றல் பிரிவுக்கு எழுதிவிட்டாராம். மார்ச் 16. முடிவு சரியில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டு அப்பாவைத் தன்னோடு கொண்டுபோவதாகச் சொன்னாள். அபர்டீனுக்கு ரெயிலில் எட்டு மணித்தியாலம்.

பப்பில் அத்தானிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“பழக்கதோசம். கையிலை கடிதம் இருந்தால் கால் தானா நடக்கும்.” பிறகு கிளாஸை ஓரமாக நகர்த்திவைத்தார். “அங்கை எனக்கு ஆரைத் தெரியும்? இஞ்சை ஒவ்வொரு கதவும் எனக்குத் தெரியும். என்னாலை அந்த வீட்டை விட்டிட்டுப் போக ஏலாது, தவம்.”

இன்று பதினாறு கேள்விகளில் நான் பதினொன்று தொட்டேன். வழக்கமாக ஆளுக்கு எட்டு வரும்.

11 பெப்ரவரி, சனி

“அந்த மறதிச் சோதனையும் ஒரு மெசின்தானே?” என்றார் அத்தான். “பெட்டிக்குள்ளை இருக்கிறதைத்தானே கேக்கும். நீர் அந்தப் பெட்டிக்குள்ளை இருந்திருக்கிறீர்.”

அது என் தொழில், அங்கே கேட்டதை வெளியே சொல்ல முடியாது என்றேன். ஓம் ஓம் என்றார். வேறு கதைத்தோம்.

15 பெப்ரவரி, புதன்

தமிழ்க் கடையில் வெண்டைக்காய் நல்லதாக இருந்தது. அத்தான் வீட்டுக்கும் வாங்கிக்கொண்டு போனேன். ஐந்து மணி வரை இருந்தேன்.

22 பெப்ரவரி, புதன்

எழுதாமல் விட்டால் அது நடக்கவில்லை என்று ஆகாது. போன புதன்கிழமையும் இன்றும் அத்தானுக்கு அந்தப் பரிசோதனையை வைத்தேன். என் வாதம் இது: அளவுகோலே பிழை. பிழையான அளவுகோலால் ஒரு மனிதனை வீட்டிலிருந்து கிளப்புவது அதைவிடப் பிழை. வாதம் சரியாகத்தான் இருக்கிறது.

மணிக்கூடு அழகாக வரைகிறார். நூறிலிருந்து கழிப்பது எழுபத்தொன்பது வரை வந்து நிற்கிறது. ஆங்கில ‘பி’ எழுத்தில் சொற்கள் கேட்டபோது: போஸ்ட், போஸ்ட்மன், போஸ்ட்காட், போஸ்ட் ஒபிஸ், போஸ்டல் ஓடர்.

“அத்தான், அதெல்லாம் ஒரே சொல்லெண்டுதான் எடுப்பினம்.”

“அதெப்பிடி? போஸ்ட்மனும் போஸ்ட் ஒபிசும் ஒண்டெண்டால் எனக்கு ஏன் பென்சன் இவ்வளவு குறைவு?”

விலாசத்தைச் சொன்னதும் முகம் சுளித்தார்.

“பியர்ட்ரீ லேனா? இந்த ஊரிலை அப்பிடி ஒரு தெரு இல்லை. பக்கத்து ஊரிலையும் இல்லை. கோல்பிரிட்ஜ் எண்டு ஒரு இடமே இல்லைக் காணும். ஆரோ மேசையிலை இருந்து எழுதினது.”

“இருக்கோ இல்லையோ, நீங்கள் சொன்னால் போதும்.”

“இல்லாத வீட்டுக்குக் கடிதம் குடுக்கச் சொல்லுறீர்.”

சொன்னார். ஒரு பிழையும் இல்லை. விலாசம் என்று வந்தால் அவருக்கு வேறு மூளை.

8 மார்ச், புதன்

உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, நான் கேட்காமலே அத்தான்: “பீட்டர் மார்ஷ், அறுபத்து நாலு, பியர்ட்ரீ லேன், கோல்பிரிட்ஜ்.” அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

11 மார்ச், சனி

ஏழு பவுண். பெவ் கேட்டாள், ஏன் இப்போதெல்லாம் நீயே தொடுகிறாய், கூலாவின் விரலுக்கு என்ன ஆயிற்று என்று. குளிருக்கு விறைக்கிறது என்றேன்.

16 மார்ச், வியாழன்

ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆரணி நேற்றே வந்துவிட்டாள். மூவரும் போனோம். தாதி என்னைக் கண்டதும், இன்றைக்கு யாருக்கு உரைபெயர்ப்பு என்று கேட்டாள். வேலை இல்லை, குடும்பம் என்றேன். அத்தான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

வைத்தியர் நான் பலமுறை பக்கத்தில் இருந்து வேலை செய்த அதே பெண்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, புதிய தாள்கள் வந்திருக்கின்றன, எனக்கே இன்னும் பழகவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு கட்டைப் பிரித்தார். ரூத் கார்ட்டர், 27 மில் குளோஸ், ஹேவ்டன்.

மெசின்காரன் டிஸ்க்கை மாற்றியதை நான் இந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். எட்டு வாரத்துக்கு முன்.

அத்தான் ரூத் கார்ட்டரை மூன்று தடவை சரியாகத் திருப்பிச் சொன்னார். மணிக்கூடு வரைந்தார். சொற்கள் பன்னிரண்டு சொன்னார், ஒன்றும் தபால் இல்லை. கழித்தலில் எழுபத்திரண்டு வரை போனார்.

கடைசியில், தொடக்கத்தில் சொன்ன பெயரும் விலாசமும் என்ன என்று வைத்தியர் கேட்டார். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, தபால்காரர் குரலில் சொன்னார்: பீட்டர் மார்ஷ், அறுபத்து நான்கு, பியர்ட்ரீ லேன், கோல்பிரிட்ஜ்.

வைத்தியரின் பேனா நின்றது. இதற்கு முன் இந்தப் பரிசோதனையை எங்காவது செய்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அத்தான். அப்படியானால் இந்த விலாசம் உங்களுக்கு எங்கிருந்து தெரியும்? கேட்டுவிட்டு அவர் என் பக்கம் பார்த்தார். அதிக நேரமில்லை. ஆனால் பார்த்தார். அத்தான் அவர் பார்த்ததைப் பார்த்தார்.

“அது என் ரவுண்டில் இருந்த வீடு” என்றார் ஆங்கிலத்தில். “இருபத்திரண்டு வருடம் கடிதம் போட்டேன். சிவப்புக் கதவு. கறுப்பு நாய், இடது காது மடிந்திருக்கும். மிஸ்டர் மார்ஷ் நத்தாருக்கு ஐந்து பவுண் வைப்பார், உறையில் போட்டு.”

வைத்தியர் மெல்லிய குரலில், அது பரிசோதனைக்காகக் கற்பனையாக எழுதிய விலாசம், அப்படி ஒரு வீடு இல்லை என்றார்.

“இருக்கிறது” என்றார் அத்தான். “நான் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறேன்.”

வைத்தியர் நிறைய நேரம் எழுதினார். ஆரணி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவள் வைத்தியரோடு தனியாகக் கதைக்க உள்ளே நின்றாள். நாங்கள் நடைபாதையில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். அத்தான் குனிந்து கேட்டார்:

“சிவப்புக் கதவு கொஞ்சம் கூடிப்போச்சோ?”

“நாயும் கூட.”

“நாயில்லாமல் ஒரு தபால்காரன் சொல்லுற கதையை ஆர் நம்புவினம்?” பிறகு என்னைப் பார்க்காமல், “உம்மடை வேலை போயிடும், தவம். எனக்கு அது வேண்டாம்.”

ரூத் கார்ட்டரின் வீட்டு இலக்கம் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

18 மார்ச், சனி

பப்புக்குப் போகவில்லை. ஆரணி நிற்கிறாள்.

24 மார்ச், வெள்ளி

வைத்தியரின் கடிதம் ஆரணிக்குப் போயிருக்கிறது. தொலைபேசியில் வாசித்தாள். ‘எங்கோ கேட்ட ஒரு விலாசத்தைச் சுற்றி, நடக்காத நிகழ்ச்சிகளை நினைவாகக் கட்டி, அவற்றை உறுதியாக நம்புகிறார். தனியாக வாழ்வது பாதுகாப்பல்ல. தன் விடயங்களில் தானே முடிவெடுக்கும் ஆற்றல் உண்டா என்பது ஐயத்துக்குரியது.’ வீடு விற்கும் ஆட்களிடம் கதைத்துவிட்டாளாம். அப்பாவிடம் இனிக் கேட்டு என்ன, அவருக்கு எது உண்மை என்றே தெரியவில்லையே என்றாள்.

நான் ‘ம்’ என்றேன்.

25 மார்ச், சனி

குளிர்ப்பெட்டி சுத்தம் செய்தேன்.

27 மார்ச், திங்கள்

கொதிகலன் திருத்துபவர் எட்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் வருவதாகச் சொல்லி மூன்றுக்கு வந்தார். ஒரு வால்வு. கீல்வாதப் பிரிவில் நாளை இரண்டு பேருக்கு வேலை.

28 மார்ச், செவ்வாய்

கீல்வாதப் பிரிவு. எதையும் சேர்க்கவில்லை. எதையும் விடவில்லை.

யன்னலோரத்துக் கறிவேப்பிலைக்கு வெள்ளைப்பூச்சி. சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன். இது எட்டு வருடச் செடி, இந்த நாட்டில் அது பெரிய விடயம்.

30 மார்ச், வியாழன்

வைத்தியருக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எந்தெந்தத் திகதியில் அந்த அறையில் என்ன கேட்டேன், எந்தெந்தத் திகதியில் அதை எங்கே வைத்து அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தெரு இல்லை என்று அவர் எனக்கு முதல் நாளே சொன்னதையும் எழுதினேன். சிவப்புக் கதவையும் நாயையும் அவர் நம்பிச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னார் என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை. வைத்தியர் கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நிறுவனத்துக்கும் ஒரு பிரதி.

தபாற்பெட்டி மாலை ஐந்தே காலுக்குத் திறப்பார்கள். நாலே முக்காலுக்குப் போட்டேன்.

6 ஏப்ரல், வியாழன்

நிறுவனத்திலிருந்து அழைப்பு. மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். வைத்தியசாலை வேலைகள் இனி இல்லை. மற்றவை விசாரணைக்குப் பிறகு. அடையாள அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

நாட்குறிப்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

8 ஏப்ரல், சனி

அத்தானிடம் பப்பில் வைத்துச் சொன்னேன். மெசினுக்கு முன்னால் நின்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

“உமக்கு விசரோ? நான் சமாளிச்சனான்தானே!”

“சமாளிச்சு என்ன? உங்களுக்கு ஒண்டும் விளங்குதில்லை எண்டு எழுதிப்போட்டினம்.”

“எழுதட்டும்! நான் எழுபது வயதுக்காரன். நீர் ஐம்பதுக்கு என்ன வேலைக்குப் போவீர்? இந்தப் பெட்டியைத் தட்டியே சாப்பிடப் போறீர்?”

“போன கிழமை ஏழு பவுண்.”

“அது போன மாசம்” என்றார் அத்தான்.

அவர் சொன்னதுதான் சரி.

மஞ்சள் கோடு முடிந்துவிட்டது. கேள்வி என்ன என்று இருவருமே பார்க்கவில்லை.

27 ஏப்ரல், வியாழன்

இரண்டாவது பரிசோதனை. வேறு வைத்தியர், வேறு தாள். என்னை உள்ளே விடவில்லை. நியாயம்.

ஆரணி வெளியே வந்து சொன்னாள். மறதி இருக்கிறது, வளரும். மூன்றாவது விலாசத்தில் தெருவின் பெயர் மட்டும்தான் நினைவிருந்தது, தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். மனக்குழப்பம் இல்லை. எங்கே வாழ்வது என்பதை இப்போதைக்கு அவரே தீர்மானிக்கலாம்.

முதல் வைத்தியர் நடைபாதையில் எதிர்ப்பட்டார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். “உங்கள் கடிதத்துக்கு நன்றி” என்றார். “ஆனால் நீங்கள் அவருக்கு உதவி செய்யவில்லை. அவரை எங்களிடமிருந்து மறைத்தீர்கள். சிலவேளை உங்களிடமிருந்தும்.”

ஆரணி பஸ் தரிப்பில் கேட்டாள்:

“சித்தி, ஒண்டு கேக்கட்டா? இதை நீங்கள் அப்பாவுக்காகச் செய்தனீங்களோ, உங்களுக்காகச் செய்தனீங்களோ?”

பதினேழாம் இலக்க பஸ் வந்துவிட்டது.

13 மே, சனி

அத்தான் முதல் ஆட்டம் முடிந்ததும் இரண்டாவதற்குக் காசு போடவில்லை. கதிரையில் போய் இருந்தார்.

“நான் அபர்டீனுக்குப் போறன்.”

“இப்ப நீங்கள் போகத் தேவையில்லை. உங்கடை விருப்பம் எண்டு எழுதித் தந்திருக்கினமே.”

“அதுக்காகத்தான் போறன். இன்னும் ஒரு வருசத்தாலை என்னை ஆரோ கொண்டு போவினம். எங்கை போறன் எண்டு எனக்குத் தெரியாது. இப்ப போனால் நானே போறன். ரிக்கற்றும் நானே எடுப்பன்.” அரைப் பைன்டை முடித்தார். “நீர் வேலையைக் குடுத்து வாங்கித் தந்தது. வீணாக்கக் கூடாது.”

சொல்ல இருந்தது எதுவும் ஒரு வாதமாக வரவில்லை.

“என்ன காணும், முகத்தை உப்பிடி வச்சிருக்கிறீர்?”

“புகை.”

10 ஜூன், சனி

பெட்டிகளை ஆரணி முன்னமே காரில் கொண்டுபோய்விட்டாள். அத்தான் ரெயிலில்தான் போவேன் என்று நின்றார். பன்னிரண்டு பத்து ரெயில். அதற்கு முன் ஒரு ஆட்டம். பெவ் அரைப் பைன்டுக்குக் காசு வாங்கவில்லை. அவரைக் கட்டிப்பிடித்து ‘கூலா’ என்று மட்டும் சொன்னாள்.

எல்லாக் கேள்விகளையும் அவரையே தொடவிட்டேன். மூன்றாவதில் விழுந்தோம்.

ரெயிலில் ஏறி இருந்தபின் யன்னல் கண்ணாடியில் விரலால் தட்டி ஏதோ சொன்னார். கேட்கவில்லை. கையால் காதில் தொலைபேசி வைப்பது போலக் காட்டினார்.

முதல் பக்கத்தில் ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் பெயரை அப்படியே விட்டு, தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றினேன்.

15 ஜூன், வியாழன்

நூலகத்தில் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பம். ‘முந்தைய வேலையை விட்டதற்கான காரணம்’ என்ற கோட்டில் இடம் போதவில்லை. தனித் தாளில் எழுதி இணைத்தேன்.

24 ஜூன், சனி

இரண்டரைக்குப் பப்புக்குப் போனேன். தனியாக. போக வேண்டிய அவசியம் இல்லை. வேறு வேலையும் இல்லை.

காசு போடுவதற்கு முன் கைத்தொலைபேசி அடித்தது. ஆரணியின் வீட்டு இலக்கம்.

“எங்கை நிக்கிறீர்?”

“எங்கை நிப்பன்?”

“எனக்குத் தெரியும். இண்டைக்குச் சனிக்கிழமை. மகள் மணிக்கூட்டுக்குக் கீழை எழுதி ஒட்டியிருக்கிறாள்.” அவர் குரலில் பெருமை இருந்தது. “போடும், போடும். கேள்வியை வாசியும்.”

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டு ஐம்பது பென்ஸ் போட்டேன். கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்தேன், நான்கு விடைகளையும் வாசித்தேன். ஒரு பாட்டுக்காரர் பெயர் சொன்னார், சரி. ஒரு ஆறு, நான். ஒரு உதைபந்தாட்டக் கிண்ணம், அவர். வனிலா எந்தக் குடும்பத்துச் செடி, நான். பெவ் துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். இடையில் அத்தான், தான் இருக்கும் ஊர் எது என்று என்னிடம் கேட்டார், சொன்னேன், ஓமோம் என்றார். ஏணியில் ஒன்பதாவது படி. இன்னும் ஒன்று சரி என்றால் ஐந்து பவுண்.

உலகின் முதல் ஒட்டும் தபால்தலை வெளியான ஆண்டு?

இது பழைய டிஸ்க்கில் இருந்த கேள்வி. புதியதிலும் விட்டுவைத்திருக்கிறார்கள். வாசித்தேன். 1837, 1840, 1851, 1860.

தொலைபேசியில் சத்தமில்லை. மஞ்சள் கோடு சுருங்கியது. பெவ்வுக்கும் விடை தெரியும், இந்தப் பப்பில் எல்லோருக்கும் தெரியும், அவரே மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்தது.

“ஐம்பத்தொண்டு!” என்றார். “ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொண்டு. இதைப்போய் என்னட்டைக் கேக்குது பாரும்.”

பெவ் என் முகத்தைப் பார்த்தாள். நான் 1851ஐத் தொட்டேன்.

1840 பச்சையாக மின்னியது. ஆட்டம் முடிந்தது.

“சரிதானே?”

“சரி, அத்தான்.”

“எவ்வளவு?”

“அஞ்சு பவுண்.”

“சத்தம் கேக்கேல்லையே. காசு விழுற சத்தம் கேக்கேல்லை.”

மெசின் சில நேரம் யோசிக்கும், பொறுங்கோ என்றேன். கைப்பையைத் திறந்து பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை எடுத்தேன். தொலைபேசியை மெசினின் காசு விழும் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். போதவில்லை. பெவ் கவுண்டருக்குப் போய் ஒரு கைப்பிடி கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல், அவளும் போட்டாள்.

“ஆ” என்றார் அத்தான். “இப்ப கேக்குது.”

அடுத்த சனிக்கிழமையும் இதே நேரம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பெவ்வுடைய காசை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். என்னுடையதில் ஒரு பத்துப் பென்ஸ் தட்டின் உள்பக்கம் உருண்டு போய்விட்டது. விரலை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை.